மோட்டார் சைக்கிளுக்கு மூன்று கையெழுத்து

ஒரு திட்டம் முடியும்போது எங்கள் துறையில் சொத்து ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒன்றைத் தயாரிப்போம். நிதி கொடுத்தவர்களின் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளும் அதில் இருக்கும். வாகனங்கள், மடிக்கணினிகள், ஜெனரேட்டர், இரும்பு அலமாரி வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே வரிசை எண், வாங்கிய தேதி, இன்றைய நிலை, இனி யாரிடம் போகும் என்ற விவரம். நிதியாளரின் எழுத்துமூல ஒப்புதல் வராமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக்கூட இடம் மாற்ற முடியாது. நான் முதன்முதலாக அந்தப் பட்டியலைத் தயாரித்தபோது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அதை ஐந்து ஆண்டுகள் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன களப்பணியாளருக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கடிதம் ஒன்று. அதற்கு ஒரே கையெழுத்து போதும். அது என்னுடையது.

அந்த இரண்டு தாள்களும் என் மேசையில் அருகருகே கிடந்த இரவு கழிந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சர்வதேச வளர்ச்சித் தொண்டு நிறுவனங்களில் மொத்தம் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். இப்போது ஒரு நாட்டில் நடக்கும் பணிகளைக் கவனிக்கும் நாட்டு அலுவலகத்தின் துணை இயக்குநராக இருக்கிறேன். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சிகள் எத்தனையோ முடித்திருக்கிறேன். தொலைநோக்கு, மாற்ற மேலாண்மை, குழு உணர்வு எல்லாம் பேசினார்கள். அந்த இரண்டு தாள்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கோ தலைமை என்ற சொல்லைக் கேட்டால் முதலில் அவைதான் நினைவுக்கு வருகின்றன.

எங்கள் சம்பளம் எப்படி வருகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. எங்களுக்குத் திட்டங்கள் கொடுக்கின்றன. ஒரு கணக்காளரின் சம்பளத்தில் 40 சதவீதம் குடிநீர்த் திட்டத்திலிருந்தும், 35 சதவீதம் பள்ளித் திட்டத்திலிருந்தும், மீதி 25 சதவீதம் மகளிர் சேமிப்புக் குழுத் திட்டத்திலிருந்தும் வரும். எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதை மாதக் கடைசியில் நேரப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் தவறாமல் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். குடிநீர்த் திட்டம் முடிந்தால் அந்தக் கணக்காளரின் சம்பளத்தில் 40 சதவீதத்தைக் கொடுக்க ஆள் இல்லை. அதற்குள் வேறொரு திட்டம் வந்து ஓட்டையை அடைத்தால் அவர் தொடர்வார். வராவிட்டால், அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் சம்பந்தமே இல்லாத காரணத்தால் வேலையை இழப்பார்.

ஒரு திட்டத்தின் ஆயுள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள், அதிகம் போனால் ஐந்து. ஆள் எடுப்பதிலும், வேலை தொடங்கும் முன் ஊரின் நிலையைக் கேட்டுப் பதியும் அடிப்படை ஆய்விலும் முதல் ஆறு மாதம் போய்விடும். கடைசி ஆறு மாதத்தில் நல்லவர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, அவரவருக்குக் குடும்பம் இருக்கிறது. நடுவில் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளில்தான் வேலை நடக்கிறது. அதிலும் ஓர் ஊர் வெளியாளை நம்பத் தொடங்கவே ஓராண்டு ஆகும். எந்தக் கைப்பம்பு கோடையில் வறண்டுவிடும், குடிநீர்க் குழுக் கூட்டத்தில் யார் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அறிக்கையில் ஏறுவதில்லை. அவை ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கின்றன. திட்டம் முடிந்த அன்று அந்த மனிதரை அனுப்பிவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு வேறொரு திட்டத்தோடு போய், மறுபடி அடிப்படை ஆய்வு செய்கிறோம். அதே கேள்விகளை அதே மக்களிடம் கேட்கிறோம். ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “போன தடவை நான் சொன்னதைத் தொலைத்துவிட்டீர்களா?” தொலைத்துத்தான் விட்டோம். அதை எழுதி வைத்திருந்தவர் அப்போது எங்களிடம் வேலையில் இல்லை.

இடைவெளியில் ஆட்களைத் தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லையா என்று கேட்கலாம். அந்தப் பணம் நிர்வாகச் செலவுக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். பயிற்சி, பணியாளர் நலன், இரண்டு திட்டங்களுக்கு நடுவே மூன்று மாதச் சம்பளம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பைதான், அது எப்போதும் சிறிய பை. நிர்வாகச் செலவு குறைந்தால் நல்ல நிறுவனம் என்ற எண்ணம் கொடுப்பவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்க அரசின் மானிய விதிகளில், தனியாகப் பேசி விகிதம் நிர்ணயித்துக்கொள்ளாத நிறுவனங்களுக்கு மறைமுகச் செலவாக, அதாவது இந்த நிர்வாகச் செலவுக்காக, பல ஆண்டுகள் 10 சதவீதம்தான் அனுமதித்தார்கள். 2024 அக்டோபரில்தான் அது 15 ஆனது. எங்களோடு கூட்டாக வேலை செய்யும் சிறிய உள்ளூர் அமைப்புகளுக்குப் பல வேளைகளில் அதுவும் போய்ச் சேராது. பெரிய நிறுவனம் அந்தப் பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு வேலைச் செலவை மட்டும் கொடுக்கும். நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம். அந்த ஒப்பந்தங்களிலும் என் கையெழுத்து இருக்கிறது.

நான் வந்த வழியும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். ஒன்பது பேர் கொண்ட ஓர் உள்ளூர் அமைப்பில்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். கணக்கெடுப்பது, கூட்டம் நடத்துவது, கோபத்தோடு வருபவரிடம் முதலில் காதைக் கொடுப்பது எல்லாம் அங்கே படித்தது. பிறகு ஒரு பெரிய நிறுவனம் இரண்டரை மடங்கு சம்பளம் தருவதாகக் கூப்பிட்டது. போனேன். ஆறே மாதத்தில் எங்கள் ஒன்பது பேரில் நான்கு பேரை வெவ்வேறு சர்வதேச நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. இரண்டு ஆண்டுகளில் அந்த அமைப்பு மூடப்பட்டது. அதைத் தொடங்கியவர் என்னைப் பார்த்தபோது ஒரு குறையும் சொல்லவில்லை. “நல்லபடியாக இருங்கள்” என்றார். 2015இல் வந்த ‘மாற்றத்துக்கான சாசனம்’ என்ற உடன்பாட்டில், பேரிடர் நேர்ந்த முதல் ஆறு மாதங்களில் உள்ளூர் அமைப்பின் ஆளை எடுத்துக்கொள்ளும் சர்வதேச நிறுவனம் அந்த அமைப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. அதைப் படித்தபோது அவர் முகம்தான் கண் முன்னே வந்தது. ஆளை உருவாக்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை யாரோ ஒரு தாளிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்த பிறகுதான் அங்கே இரண்டு படிக்கட்டுகள் இருப்பது தெரிந்தது. ஒன்று சர்வதேசப் பணியாளர்களுக்கு, மற்றொன்று உள்நாட்டுப் பணியாளர்களுக்கு. ஒரே அறை, ஒரே வேலை, ஒரே காலக்கெடு. சம்பளப் பட்டியல் வேறு, காப்பீடு வேறு, விடுப்பு வேறு, நிலைமை மோசமானால் யாரை முதலில் வெளியேற்றுவது என்ற திட்டமும் வேறு. இந்தியா, சீனா, மலாவி, உகாண்டா, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளில் 1,290 பணியாளர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சம்பள வேறுபாடு உள்நாட்டுப் பணியாளர்களின் ஊக்கத்தைக் குலைக்கிறது, வேலையை விட்டுப் போகலாமா என்று எண்ண வைக்கிறது என்று கண்டது. அதற்கு ஆய்வு தேவையா என்று அன்று தோன்றியது. தேவைதான். நாங்கள் சொன்னபோது அது முணுமுணுப்பாக இருந்தது, எண்களாக வந்தபோதுதான் கூட்டத்தில் பேசும் பொருளானது.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கொடுமையானது. 2024இல் உலகெங்கும் 383 மனிதநேய உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்த நாட்டில், சொந்த மக்களுக்காக வேலை செய்தவர்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19 அன்று உலக மனிதநேய நாளில் மௌன அஞ்சலிக்கு நிற்கும்போதெல்லாம், வெளியேற்றப் பட்டியலில் இல்லாத பெயர்களை மனத்துக்குள் எண்ணுவேன்.

படிக்கட்டுகளைப் பற்றிச் சொன்னேன். அவற்றில் ஏறி வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

22 ஆண்டுகளில் ஏழு நாட்டு இயக்குநர்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, ஒருவர் 11 மாதம். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். எல்லாரும் கடுமையாக உழைத்தார்கள், இரவெல்லாம் மின்னஞ்சல் எழுதினார்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் முதல் வாரம் ஒரு வெள்ளைப் பலகையில் எங்கள் பணிப்பகுதியின் வரைபடத்தை வரைந்து காட்டுவது என் வேலை. ஆறு எங்கே, சாலை எங்கே, எந்தப் பக்கம் யார் சொன்னால் நடக்கும், முன்பு எது தோற்றது, ஏன் தோற்றது. அவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். ஓராண்டில் அவர்களுக்குப் பகுதி பிடிபடும். இரண்டாம் ஆண்டு நல்ல முடிவுகள் எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போவார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி வரைவேன். ஏழு இயக்குநர்களுக்குப் பாடம் சொன்ன அந்த வேலைக்கு எந்தப் பதவிப் பெயரும் இல்லை, எந்த ஆண்டு மதிப்பீட்டிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. உலகம் முழுவதும் எத்தனையோ அலுவலகங்களில் யாரோ ஒருவர் இப்படிப் பலகை முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

அவர்களில் நான்காவதாக வந்தவர் வேறு மாதிரி. நான் வரைந்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்: “எனக்கு முன்பு இருந்தவரிடம் நீங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்து, அவர் காதில் ஏறாமல் போனது எது?” அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசினோம். வாகன ஓட்டுநர்தான் தொடங்கினார். மாதக் கடைசியில் அறிக்கைக்காக ஒரே நாளில் ஆறு ஊர்களுக்கு ஓடுகிறோம், எந்த ஊரிலும் அரை மணி நேரம் உட்காருவதில்லை, மக்கள் எங்களை வண்டிப் புழுதியாகத்தான் பார்க்கிறார்கள் என்றார். அடுத்த மாதம் அந்த அட்டவணை மாறியது. ஊர் எண்ணிக்கையைக் குறைத்ததற்குத் தலைமையகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியவர் இயக்குநர், தன் பெயரில். நான் பார்த்த தலைமை அதுதான். கீழிருந்து வந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு, அதனால் மேலிருந்து வரும் அடியைத் தன் முதுகில் தாங்குவது.

நான் துணை இயக்குநரான பிறகு இதன் மறுபக்கம் புரிந்தது. கள ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது ஒரு கைப்பம்பு பழுதானால் அன்று மாலையே எனக்குத் தெரியும். இப்போது காலாண்டு அறிக்கையில் தெரிகிறது, அதுவும் ‘சிறு செயல்பாட்டுச் சவால்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் சொல்லைக் கொஞ்சம் மென்மையாக்குகிறார். ஐந்து மேசை தாண்டி என்னிடம் வரும்போது பழுதான பம்பில் தண்ணீர் வருகிறது.

பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தில் நடந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கியது அது. 1980இல், வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகளைக் காக்க, உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்து கொடுக்கும் முறையை வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குக் கற்பிக்க முடிவு செய்தார்கள். கற்பித்த பெண்களின் ஊதியம், தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அமைந்தது. தனிக் குழு ஒன்று பின்னால் போய், பத்தில் ஒரு வீட்டில் கேட்டுச் சரிபார்க்கும். தாய்மார்களுக்குப் பாடம் நன்றாகவே நினைவில் இருந்தது. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைச் செய்து கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தேடியபோது ஒரு காரணம் தெரிந்தது. கற்பித்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மருந்து மாத்திரைதான் எடுத்துக்கொண்டார்கள். தாங்களே நம்பாத பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அவர்கள் மேல் பாயவில்லை. அவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், அந்தக் கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டியது. ஆண்களையும் உட்காரவைத்துப் பேசும்படி முறையை மாற்றியது. பயன்பாடு உயர்ந்தது. பத்து ஆண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பெரிய எண்ணிக்கையைவிட, தன் பணியாளர்கள் எதை நம்பவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்ட சிரமம். ஊதியத்தை எண்ணிக்கையோடு கட்டிவிட்டால் போதும் என்று நினைத்த இடத்தில், எண்ணிக்கை வந்தது, நம்பிக்கை வரவில்லை. எங்கள் அலுவலகச் சுவரில் இலக்குப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இலக்கை நம்பாத எத்தனை பேர் என் கீழே வேலை செய்கிறார்கள், அவர்கள் அதை என்னிடம் சொல்ல வழி இருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

பெரிய சர்வதேசத் தொண்டு நிறுவனங்களின் உச்சியில் மாற்றம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆக்‌ஷன் எய்டின் இந்திய அலுவலகத்தில் வேலையைத் தொடங்கிய சலில் ஷெட்டி 1998இல் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். 2003 வாக்கில் அது தன் சர்வதேசத் தலைமையகத்தை லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோனது. 2013இல் உகாண்டாவின் வின்னி பியான்யிமா ஆக்ஸ்ஃபாம் இன்டர்நேஷனலின் தலைமைக்கு வந்தார். அவர் காலத்தில் அதன் செயலகமும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நைரோபியை நோக்கி நகர்ந்தது. இந்தச் செய்திகளைப் படித்த நாட்களில் உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் பரவியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உச்சியில் யார் உட்கார்ந்தாலும் நடுவில் ஒரு படி உடைந்தே கிடக்கிறது. கள ஒருங்கிணைப்பாளருக்கும் திட்ட மேலாளருக்கும் நடுவே இருக்கும் படி அது. அதுவரை ஒருவரை மக்கள் மதித்தால் போதும். அதற்கு மேல் ஏற, நிதியாளரின் மொழியில், நிதியாளரின் சொற்களில் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும்.

அந்தப் படியில் நான் ஒருவரைத் தள்ளிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும்.

ஒன்பது ஆண்டுகள் களத்தில் இருந்த ஓர் ஒருங்கிணைப்பாளர். என்னைவிட வயதில் மூத்தவர். ஓர் ஊர்க் கூட்டத்தில் தண்ணீர் வரியைப் பற்றிச் சண்டை முற்றி நாற்காலிகள் பறக்கவிருந்த வேளையில், எழுந்து நின்று, பம்புக்கு உதிரிப் பாகம் வாங்கிய ரசீதுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பத்து நிமிடத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். திட்ட மேலாளர் பணியிடம் காலியானபோது அவரும் விண்ணப்பித்தார். நேர்காணல் ஆங்கிலத்தில். 20 நிமிடம் திரையில் படம் காட்டிப் பேச வேண்டும். அவர் தடுமாறினார். தனக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சொல்ல முடியவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு இளைஞர், வெளிநாட்டுப் பட்டத்தோடு, அழகாகப் பேசினார். மதிப்பெண் தாளில் எல்லாக் கட்டங்களும் அவர் பக்கம். நேர்காணல் நடத்திய குழுவின் மூவரில் நானும் ஒருவர். எனக்கு உண்மை தெரியும். தாளில் இருப்பதைத்தானே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

இளைஞர் 14 மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் மேல் தவறில்லை, அவரும் இந்தப் படிக்கட்டில் ஏற வந்தவர்தான். மூத்தவர் திட்டம் முடியும் வரை இருந்து, தன் கணக்குகளை ஒப்படைத்துவிட்டு, அமைதியாகப் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது குடிநீர்க் குழுக்களைப் பார்த்தேன். அவர் அமைத்த குழுக்களில் கணக்கு நோட்டு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கோடு போட்ட விதம், தலைப்புகள், தேதியை இடது ஓரத்தில் வட்டமிடுவது எல்லாம் அவருடைய பாணி. ஒரு குழுவின் பொருளாளர், “அவர் எப்போது வருவார்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நேர்காணல் முறையை மாற்றினேன். வேட்பாளர் தனக்கு வசதியான மொழியில் பேசலாம், எழுதலாம். அரை நாள் களத்துக்குப் போய் ஒரு குழுவோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும், பிறகு அந்தக் குழுவிடம் நாங்கள் கருத்துக் கேட்போம். ஆங்கில அறிக்கையைச் செப்பனிட ஒரு எழுத்தாளரைப் பணியில் வைத்தால் தீரும் வேலைக்கு, ஒன்பது ஆண்டு அறிவை வாசலில் நிறுத்தியிருந்தோம். இந்த மாற்றம் தாமதமாக வந்தது. அவருக்கு எந்தப் பயனும் இல்லாமல் வந்தது.

2025ஆம் ஆண்டு இந்தத் துறையில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது. சில நாட்களில் பணிகளை உடனே நிறுத்துங்கள் என்ற கடிதங்கள் உலகெங்கும் போயின. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்தாவதாக அறிவித்தார்கள். 1961இல் தொடங்கிய அந்த முகமை ஜூலை 1 அன்று தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. மூன்று ஆண்டுத் திட்டம் மூன்றே நாளில் முடியும் என்று யாரும் கற்பனை செய்திருக்கவில்லை. அந்த வாரங்களில் எனக்குத் தெரிந்த இரண்டு அலுவலகங்களில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றில் தலைமை வாயைத் திறக்கவில்லை. சட்ட ஆலோசனை நடக்கிறது, உறுதியான தகவல் வந்ததும் சொல்கிறோம் என்று ஐந்து வாரம் கழிந்தது. பணியாளர்கள் செய்தித்தாளைப் பார்த்துத் தங்கள் கதியைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு காணொலி அழைப்பில் 12 நிமிடத்தில் 60 பேருக்கு விடை கொடுத்தார்கள்.

இன்னொன்றில் இயக்குநர் முதல் வாரமே எல்லாரையும் அழைத்தார். கையிருப்பு எவ்வளவு, அது எத்தனை வாரம் தாங்கும், எந்தப் பணியிடம் எந்தப் பணத்தில் ஓடுகிறது என்ற கணக்குத் தாளை அப்படியே சுவரில் காட்டினார். தன் சம்பளமும் அதில் இருந்தது. “எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வியாழன்தோறும் இந்தத் தாளைத் திருத்திக் காட்டுவேன்” என்றார். அங்கேயும் பாதிப் பேர் வேலையிழந்தார்கள். ஆனால் தங்களில் சிலர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டால் சிலரைக் காப்பாற்றலாம் என்ற யோசனை ஓட்டுநர்களிடமிருந்தும் கணக்காளர்களிடமிருந்தும் வந்தது. ஏழு பணியிடங்கள் அப்படித் தப்பின. கணக்குத் தாளைப் பூட்டி வைத்திருந்தால் அந்த யோசனை பிறந்திருக்காது. உண்மையைச் சொன்னால் பதற்றம் பரவும் என்று மேலே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். பதற்றம் எப்படியும் பரவுகிறது, உண்மை இல்லாமல் பரவும்போது அது மனிதர்களைத் தின்றுவிடுகிறது.

2016இல் இஸ்தான்புலில் நடந்த உலக மனிதநேய மாநாட்டில், 2020க்குள் அவசரகால உதவி நிதியில் குறைந்தது 25 சதவீதம் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போக வேண்டும் என்று பெரிய நாடுகளும் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கை எட்டவில்லை. எட்டாததற்கு உள்ளூர் அமைப்புகளிடம் திறன் இல்லை என்று காரணம் சொல்வார்கள். திறன் உள்ளவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனது யார் என்பது எனக்குத் தெரியும், என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள்.

இப்போது நாங்கள் எழுதும் ஒவ்வொரு முன்மொழிவிலும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். திட்டம் முடிந்த பின் களப்பணியாளர்களுக்கு ஆறு மாத இடைக்கால ஊதியம், அந்த ஆறு மாதத்தில் அவர்கள் தங்கள் அறிவை உள்ளூர் அமைப்பிடம் எழுத்திலும் நடைமுறையிலும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மோட்டார் சைக்கிளுக்கு ஒப்படைப்புத் திட்டம் கேட்கிறீர்கள், அதை ஓட்டியவருக்கும் கேளுங்கள் என்று முகப்புக் கடிதத்தில் எழுதினேன். முதல் நான்கு நிதியாளர்கள் அந்த வரியை அடித்துவிட்டார்கள். ஒருவர் அது தகுதியற்ற செலவு என்று குறிப்பு எழுதினார். ஐந்தாமவர் தொலைபேசியில் அழைத்து நிறையக் கேள்வி கேட்டார்.

நேற்று மாலை அவரிடமிருந்து பதில் வந்தது. ஐந்து பணியிடங்களுக்கு ஆறு மாதம் கேட்டிருந்தோம். இரண்டு பணியிடங்களுக்கு நான்கு மாதம் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர்களைச் சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கும் ஐந்து பேரில் நால்வரை எனக்குப் பத்தாண்டுகளாகத் தெரியும். ஐந்தாவது பெண் மூன்று ஆண்டுக்கு முன் வந்தவர். புதிய நேர்காணல் முறையில் தேர்வான முதல் ஆள், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஊர்களை இப்போது அவர் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை.

பழைய வழக்கப்படி இயக்குநரும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பெயர்களை முடிவு செய்திருப்போம். இம்முறை கடிதத்தை ஐந்து பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன், கணக்குத் தாளையும். ஐந்து பேரும் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். வெள்ளைப் பலகையைத் துடைத்து வைத்துவிட்டேன்.